44ஏடி-யில் 6% போட்டு முடிச்சிடலாமா, உண்மையான லாபத்தைக் காட்டணுமா? (திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்)

பவர்டேபிள் | 28 பிப்ரவரி 2026, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. 28 மெஷின் வெச்சு பனியன் தையல் ஜாப் ஒர்க் பண்றேன். சொந்தப் பேர்ல உள்ள புரொப்ரைட்டர் யூனிட். மூணு வருஷமா 44ஏடி-ல (கணக்குப் புத்தகம் இல்லாம, பில் தொகையில ஒரு சதவீதத்தை லாபமாக் காட்டற வருமான வரிப் பிரிவு) தான் ரிட்டர்ன் போடுறோம். இந்த வருஷம் மொத்த பில் 1 கோடியே 62 லட்சம் வரும். அதுல 1.50 கோடி எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல இருந்து பேங்க்ல வருது. மீதி 12 லட்சம் காதர்பேட்டை பார்ட்டிகள் ரொக்கமா கொடுத்தது.

ஆடிட்டர் "வழக்கம்போல போட்டுடலாம், வரி ஒண்ணும் வராது, பிடிச்ச டிடிஎஸ் (பணம் கொடுக்கறவங்களே முன்கூட்டிப் பிடிச்ச வரி) மொத்தமும் ரீஃபண்ட் வந்துடும்"னு சொல்றார். ஆனா என் நோட்டுல கூட்டிப் பார்த்தா, மெஷின் தேய்மானம், வாடகை, கரண்ட், கூலி எல்லாம் கழிச்சு 18 லட்சம் மாதிரி நிக்குது. அடுத்த வருஷம் ஆர்டர் 2.30 கோடி வரைக்கும் போகும். 20 லட்சத்துக்குப் புது மெஷின் எடுக்க லோன் கேட்டிருக்கேன், பேங்க்ல மூணு வருஷ ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) கேட்கறாங்க.

இன்னிக்கு சனிக்கிழமை, சம்பளக் கவர் போட்டு முடிச்சுட்டு உட்கார்ந்து இதை எழுதறேன். நான் பண்றது சரியா தப்பான்னு நேராச் சொல்லுங்க.

அச்சகம் சிவகாசி | 28 பிப்ரவரி, இரவு 11:15

அண்ணாச்சி, அந்தப் பிரிவைச் சட்டத்துல வெச்சதே நம்ம மாதிரி ஆளுகளுக்காகத்தானே? கணக்குப் புத்தகம் வேண்டாம், ஆடிட் வேண்டாம், 6% காட்டினா போதும்னு கவர்மென்ட்டே சொல்லுது. அப்புறம் எதுக்கு 18 லட்சம்னு நீங்களே போய் எழுதிக் கொடுக்கணும்? நான் எட்டு வருஷமா இப்படித்தான் போடுறேன், ஒரு நோட்டீஸ் வந்ததில்ல.

பேரேடு | 1 மார்ச், காலை 7:05

கணக்கு எழுதுறதுதான் என் தொழில், 22 வருஷமா. பவர்டேபிள், நோட்டுல கூட்டிப் பார்த்தேன்னு சொன்னீங்களே, அங்கயே பாதி வேலை முடிஞ்சது. எங்கிட்ட வர்ற பத்துப் பேர்ல எட்டுப் பேருக்குத் தன் லாபம் எவ்வளவுன்னே தெரியாது.

முதல்ல உங்க ஆடிட்டர் போட்ட கணக்கு. பேங்க்ல வந்த 1.50 கோடிக்கு 6%, அது 9 லட்சம். ரொக்கம் 12 லட்சத்துக்கு 8%, அது 96,000. ஆகமொத்தம் 9,96,000. புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் 87ஏ பிரிவுத் தள்ளுபடி இருக்கறதால வரி பூஜ்யம். கூட்டல்ல தப்பு இல்ல.

ஆனா பிரிவை முழுசாப் படிங்க. "6% அல்லது 8%, அல்லது அதைவிடக் கூடுதலாச் சம்பாதிச்சிருந்தா அந்தத் தொகை"ங்கறதுதான் அதோட கருத்து. அதாவது 6%ங்கறது தரை, கூரை இல்ல. கணக்குப் புத்தகம் வேண்டாம்னுதான் சட்டம் சொல்லுது. உண்மையில 18 சம்பாதிச்சதைப் பத்துன்னு எழுதலாம்னு எங்கயும் சொல்லல. சிவகாசி தம்பி, எட்டு வருஷமா உங்களுக்கு உண்மையிலயே 6 இல்ல 8 சதவீதம்தான் நின்னுச்சுன்னா நீங்க போட்டது சரி. இவருக்கு நிக்கறது 11%.

நோட்டீஸ் எப்ப வரும்? தொழிலை வெச்சு வர்றதைவிட சொத்தை வெச்சுத்தான் அதிகம் வரும். 30 லட்சம், அதுக்கு மேல மதிப்புள்ள இடம் வாங்கினா பதிவுத்துறை வருமான வரிக்குச் சொல்லிடும். சேமிப்புக் கணக்குல வருஷத்துக்கு 10 லட்சம், நடப்புக் கணக்குல 50 லட்சம் ரொக்கம் போட்டா பேங்க் சொல்லிடும். எல்லாம் உங்க ஏஐஎஸ்-ல (வருமான வரித்துறை உங்க பேர்ல தொகுத்து வெச்சிருக்கற விவர அறிக்கை) வந்து உட்காரும். எங்கிட்ட வந்த ஒருத்தர் மூணு வருஷம் 7 லட்சம், 8 லட்சம்னு காட்டிட்டு, நாலாவது வருஷம் 38 லட்சத்துக்கு இடம் கிரயம் பண்ணார். "பணம் எங்கிருந்து வந்தது"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. வந்தது அவர் உழைச்ச காசுதான், ஆனா அதைக் காட்ட ஒரு காகிதம் இல்ல. என் முன்னாடி உட்கார்ந்து அழுதார்.

இப்ப அடுத்த வருஷத்துக்கு வாங்க, உங்க நிஜமான சிக்கல் அங்கதான் இருக்கு. 44ஏடி வரம்பு 2 கோடி. ரொக்க வரவு மொத்தத்துல 5%க்குள்ள இருந்தாத்தான் 3 கோடி. உங்களுக்கு இப்பவே 162-ல 12, அதாவது 7 சதவீதத்துக்கு மேல. இந்த வருஷம் 2 கோடிக்குள்ள இருக்கறதால பாதகமில்ல. அடுத்த வருஷம் 2.30 கோடி பில் போட்டு, ரொக்கம் 11.50 லட்சத்தைத் தாண்டிச்சுன்னா 44ஏடி-ய விட்டு வெளிய வந்துடுவீங்க. வெளிய வந்தா முழுக்கணக்கு. அதுக்கு மேல ஆடிட் வேற. "ஆடிட் வரம்பு 10 கோடி ஆயிடுச்சே"ன்னு கேட்பீங்க. அந்த 10 கோடி, வரவுலயும் செலவுலயும் ரெண்டுலயும் ரொக்கம் 5%க்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும். சனிக்கிழமைக் கவர்ல கூலி கொடுக்கற உங்களுக்கு அது கிடைக்காது, பழைய 1 கோடி வரம்புதான். ஆடிட் பண்ணாம விட்டா, பழைய 1961 சட்டத்துல விற்றுமுதல்ல அரை சதவீதம் அபராதமா இருந்தது, உச்சம் 1.50 லட்சம்.

ஏப்ரல் 1-ல இருந்து 2025-ம் வருஷப் புதுச் சட்டம் நடைமுறைக்கு வருது, பிரிவு நம்பரெல்லாம் மாறும். இந்த 2025-26 கணக்கு பழைய 1961 சட்டப்படியேதான், குழம்பாதீங்க.

இன்னொண்ணு, லேபர் கான்ட்ராக்டர் வெச்சிருக்கீங்களா?

பவர்டேபிள் | 1 மார்ச், காலை 9:30

ஆமாங்க. ஒடிசாப் பசங்க பதினொரு பேரை ஒரு கான்ட்ராக்டர்தான் கூட்டியாந்தார். அவருக்கு வாரம் 55,000, 60,000 மொத்தமாக் கொடுத்துடுவோம். மீதி ஆளுங்க நேரடியா நம்ம ஆளுங்க.

பேரேடு | 1 மார்ச், காலை 9:50

அதான் கேட்டேன். போன வருஷம் உங்க பில் 1 கோடியைத் தாண்டியிருந்தா, 44ஏடி-ல இருந்தாலும் அந்தக் கான்ட்ராக்டருக்கு 1% டிடிஎஸ் நீங்க பிடிச்சுக் கட்டியாகணும். ஒரு பில் 30,000 தாண்டினாலே, இல்ல வருஷத்துல 1 லட்சம் தாண்டினா. "நான்தான் 44ஏடி ஆச்சே"ன்னு இதை விட்டுடறவங்க ஏராளம். பிடிக்காம விட்டா மாசம் 1%, பிடிச்சுக் கட்டாம விட்டா மாசம் 1.5% வட்டி. போன வருஷம் தாண்டுச்சா?

பவர்டேபிள் | 1 மார்ச், காலை 10:02

1.31 கோடி. பிடிக்கலீங்க. இதை யாரும் எங்கிட்ட சொன்னதே இல்ல.

பேரேடு | 1 மார்ச், காலை 10:10

பயப்படாதீங்க, தொகை சின்னதுதான். வாரம் 60,000 வெச்சாலும் வருஷத்துக்கு 31 லட்சம், அதுல 1% 31,000. நாளைக்கே டான் நம்பருக்கு (டிடிஎஸ் பிடிச்சுக் கட்டறவங்களுக்கான நம்பர்) எழுதிப் போட்டு, வட்டியோட கட்டிடுங்க. மார்ச் முடியறதுக்குள்ள நீங்களா சரி பண்றது வேற, அவங்க கண்டுபிடிச்சு எழுதறது வேற.

மதுரை மளிகை | 1 மார்ச், மதியம் 2:20

ஐயா, எனக்கும் ஒரு சந்தேகம். என் கடை வியாபாரம் வருஷம் 90 லட்சம். முக்கால்வாசி இப்ப ஸ்கேன் பண்ணித்தான் கொடுக்குறாங்க. வாட்ஸ்அப்புல 12.75 லட்சம் வரைக்கும் வரி இல்லன்னு வருதே, அது நமக்கும் உண்டா? எல்ஐசி கட்டுறேன், அதைக் கழிக்கலாமா?

பேரேடு | 1 மார்ச், மாலை 5:45

அக்கா, 12.75ங்கறது சம்பளக்காரங்களுக்கு. அந்த 75,000 நிலைக்கழிவு வியாபாரத்துக்குக் கிடையாது. நமக்கு 12 லட்சம்தான். ஆனா 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிட்டாப் பதற வேண்டாம். 12,10,000 வந்தா, தாண்டின அந்த 10,000தான் வரியா வரும், அதுமேல 4% செஸ். அடுக்குப்படி வர்ற 61,500-ஐக் கேட்க மாட்டாங்க.

எல்ஐசி கழிக்கணும்னா பழைய வரி முறைக்குப் போகணும், அதுக்கு 10-ஐஈஏ படிவம் போடணும். வியாபார வருமானம் உள்ளவங்க ஒருதடவை பழைய முறைக்குப் போய்ட்டுப் புதுசுக்குத் திரும்பிட்டா, வியாபாரம் இருக்கற வரைக்கும் மறுபடி பழசுக்குப் போக முடியாது. உங்க லாபம் 12 லட்சத்துக்குள்ளதானே இருக்கும், புது முறையிலயே இருங்க. வரியே இல்லாத இடத்துல எதைக் கழிக்கறது?

ஸ்கேன் பண்ணி வாங்கறதுல உங்களுக்கு லாபம்தான். அந்தப் பங்குக்கு 8% வேண்டாம், 6% போதும்.

பவானி ஜமக்காளம் | 1 மார்ச், இரவு 8:30

திருப்பூர் அண்ணா, வீட்டம்மாவைப் பார்ட்னராச் சேர்த்து ஃபர்ம் ஆக்கிடுங்க. வருமானம் ரெண்டாப் பிரிஞ்சுடும், ரெண்டு பேருக்கும் 12 லட்சம் 12 லட்சம், வரியே வராது. எங்க ஊர்ல நிறையப் பேர் பண்ணியிருக்காங்க.

பேரேடு | 2 மார்ச், காலை 6:50

பவானி நண்பர் சொன்னது எல்லாருக்கும் தோணுற யோசனை. அதான் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இவரே தனியாளா 18 லட்சம் காட்டினா: முதல் 4 லட்சம் இல்ல, அடுத்த 4-க்கு 20,000, அடுத்த 4-க்கு 40,000, அடுத்த 4-க்கு 60,000, கடைசி 2-க்கு 40,000. மொத்தம் 1,60,000, செஸ் 6,400 சேர்த்து 1,66,400.

ஃபர்ம்னா: ஃபர்முக்கு அடுக்கே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30%. பார்ட்னர் சம்பளம் கழிக்கலாம், ஆனா அதுக்கும் வரம்பு உண்டு. முதல் 6 லட்சத்துக்கு 90%, மீதிக்கு 60%. 18 லட்சத்துக்கு 5.40-ம் 7.20-ம் சேர்ந்து 12.60 லட்சம். ரெண்டு பேரும் ஆளுக்கு 6.30 எடுத்துக்கறாங்க, அவங்க கைக்கு வரி இல்ல. ஆனா ஃபர்ம்ல நிக்கற 5.40 லட்சத்துக்கு செஸ்ஸோட 1,68,480. தனியாளா இருந்ததைவிட ரெண்டாயிரம் ஜாஸ்தி!

முதல் போட்டிருந்தா அதுக்கு 12% வரைக்கும் வட்டி கழிக்கலாம். 20 லட்சம் முதல்னு வெச்சா வட்டி 2.40 லட்சம் போய், ஃபர்ம் வரி 1,38,528-க்கு இறங்கும். மிச்சம் 28,000 ரூபாய்க்குக் கிட்ட. அதுக்காகப் பத்திரம், புது பான், புது ஜிஎஸ்டி, தனி ரிட்டர்ன், முழுக்கணக்கு. போன ஏப்ரல்ல இருந்து பார்ட்னர் சம்பளம், வட்டி வருஷத்துக்கு 20,000 தாண்டினா ஃபர்மே 10% டிடிஎஸ் பிடிக்கணும். 44ஏடி-ல ஃபர்ம் வந்தா இந்தச் சம்பளம், வட்டி எதையும் தனியாக் கழிக்கவும் முடியாது.

லாபம் 40, 50 லட்சம் ஆகி, வீட்டம்மாவும் உண்மையாவே யூனிட்டைப் பார்த்துக்கறாங்கன்னா அப்ப யோசிக்கலாம். புரொப்ரைட்டரா இருந்துட்டு மனைவிக்குச் சம்பளம் எழுதறதும் நிக்காது. தொழில்சார்ந்த படிப்போ திறமையோ காட்ட முடியலைன்னா அது திரும்பக் கணவர் வருமானத்துலயே சேர்ந்துடும்.

லேத் பட்டறை கோவை | 2 மார்ச், இரவு 9:10

லோன் விஷயத்துல நான் பட்டதைச் சொல்றேனுங்க. 2023-ல ஒரு சிஎன்சி மெஷினுக்கு 35 லட்சம் கேட்டேன். மூணு வருஷ ஐடிஆர்ல 6 லட்சம், 6.40, 7.10ன்னு இருந்தது. மேனேஜர் நல்ல மனுஷன். பட்டறைக்கு வந்து பார்த்தார், ரெண்டு ஷிஃப்ட் ஓடறதைப் பார்த்தார், டீ குடிச்சார். கடைசியில, "சார், உங்க மெஷின் சம்பாதிக்கறது என் கண்ணுக்குத் தெரியுது, ஆனா ஃபைல்ல தெரியலியே"ன்னார். மாசத் தவணை 75,000, காட்டின வருமானம் மாசம் 60,000. எப்படிக் கொடுப்பார்? வெளிய ரெண்டு வட்டிக்கு வாங்கினேன். மூணு வருஷம் வரியில மிச்சம் பண்ணின காசு, ஒரே வருஷ வட்டியில போச்சு. அதுல இருந்து உள்ளதை உள்ளபடி காட்டுறேன்.

45 நாள் சட்டத்தையும் சொல்லிடறேன், 43பி(எச்). உத்யம் (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) பதிவு பண்ணின குறு, சிறு யூனிட்டுக்கு, எழுதின ஒப்பந்தம் இருந்தா 45 நாளுக்குள்ள, இல்லாட்டி 15 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும். கொடுக்கலைன்னா வாங்கினவர் அந்தச் செலவை அந்த வருஷம் கழிக்க முடியாது, கொடுத்த வருஷம்தான் கழிக்கலாம். பணம் வர வேண்டியவர் வாங்கி விக்கிற வியாபாரியா இருந்தா இது பொருந்தாது, உற்பத்தி, சேவை பண்றவருக்குத்தான். எனக்கு நாலு மாசம், அஞ்சு மாசம்னு இழுத்த பார்ட்டி ஒருத்தர் 2024 மார்ச் கடைசி வாரத்துல மொத்தத்தையும் அனுப்பினார். இன்னொருத்தர் "பில்லுல உத்யம் நம்பர் போடாதீங்க"ன்னு கேட்டார். நான் ஒத்துக்கல. அவர்கிட்ட இருந்து வேலை குறைஞ்சுபோச்சு, அதையும் மறைக்காமச் சொல்லணும்ல.

பேரேடு | 2 மார்ச், இரவு 9:40

லேத் அண்ணன் சொன்னதுல ஒரு வரி சேர்த்துக்கோங்க. பவர்டேபிள் முழுக்கணக்குக்கு வந்துட்டா அதே சட்டம் இவர் கொடுக்க வேண்டிய பாக்கிக்கும் பொருந்தும். பிரின்டிங்காரர், எம்ப்ராய்டரிக்காரருக்கு மார்ச் 31-ல நாள் தாண்டின பாக்கி 6 லட்சம் நின்னா, அது இவர் லாபத்துல ஏறிடும். பழைய 1961 சட்டத்துல பிஎஃப், இஎஸ்ஐ-ல தொழிலாளிகிட்டப் பிடிச்ச பங்கை அடுத்த மாசம் 15-க்குள்ள கட்டலைன்னா அந்தச் செலவு நிரந்தரமாப் போச்சுன்னு இருந்தது, 2022 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொன்னது. ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000-க்கு மேல ரொக்கம் கொடுத்தா அதுவும் செலவா ஏறாது. உங்க கான்ட்ராக்டர் பணம் முழுக்க இதுல அடிபடும். இதெல்லாம் 44ஏடி-க்குள்ள இருக்கற வரைக்கும் உங்களைத் தொடாது. அதனாலதான் அதைவிட்டு வெளிய வராம இருக்கறது உங்களுக்கு நல்லதுன்னு நினைக்கறேன்.

அச்சகம் சிவகாசி | 2 மார்ச், இரவு 10:05

பேரேடு ஐயா, நீங்க முதல்ல உண்மையைக் காட்டுங்கன்னீங்க, இப்ப 44ஏடி-ய விடாதீங்கங்கறீங்க. ரெண்டும் எப்படிச் சேரும்?

பேரேடு | 2 மார்ச், இரவு 10:20

சேரும் தம்பி. 44ஏடி-க்குள்ளயே 18 லட்சம்னு காட்டலாம், தடையே இல்ல. ஐடிஆர்-4-ல 6% கட்டத்துல இவர் 9 லட்சத்துக்குப் பதிலாக் கூடுதலா எழுதினா வாங்கிக்கும். ஆடிட் இல்ல, இடையில விலகினா அஞ்சு வருஷம் திரும்ப வர முடியாதுங்கற சிக்கலும் இல்ல. பேங்குக்கு 18 லட்சம் காட்டின ஐடிஆர் கிடைக்குது.

பவர்டேபிள், 26ஏஎஸ் (உங்க பேர்ல பிடிச்ச டிடிஎஸ்ஸைக் காட்டற படிவம்) எடுத்து டிடிஎஸ் எவ்வளவுன்னு பாருங்க.

பவர்டேபிள் | 3 மார்ச், இரவு 11:00

1,48,200 இருக்குதுங்க.

அப்போ வரி 1,66,400-ல அது போக 18,200 கட்டணும். வழக்கமா வர்ற ரீஃபண்டும் வராது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா வருத்தமாத்தான் இருக்குது, பொய் சொல்லல. அந்த ரீஃபண்டுலதான் ஒவ்வொரு தீபாவளிக்கும் போனஸ் போட்டேன். இனிமே அதை மாசாமாசம் எடுத்து வெக்கணும்.

அவிநாசி யூனிட் | 4 மார்ச், காலை 8:15

அண்ணா, நானும் 18 மெஷின் வெச்சிருக்கேன். கூலியை பேங்க்ல போட ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. ஒரேயடியா மாத்தினா ஆளு நிக்காது. முதல் மாசம் டெய்லருங்களுக்கு மட்டும் போட்டேன். கைமடி, செக்கிங் பார்க்கற அக்காங்க "ஃபோன் புருஷன்கிட்ட இருக்குது, பணம் எங்கைக்கு வராது"ன்னு சொன்னாங்க. அவங்க சொன்னது நியாயம். ஒரு சனிக்கிழமை மதியம் வேலையை நிறுத்திட்டு ஏழு பேரையும் கூட்டிட்டுப் போய், அவங்க பேர்லயே கணக்கு ஆரம்பிச்சு, ஏடிஎம் கார்டு அவங்க கையில கொடுத்தேன். அட்வான்ஸ் மட்டும் இன்னும் ரொக்கமாத்தான் கேட்கறாங்க, குழந்தைக்கு உடம்பு சரியில்லன்னு ராத்திரி வந்து நிப்பாங்க, கொடுத்துடுவேன். மீதியெல்லாம் பேங்க்தான். முன்ன மாதிரி வெள்ளிக்கிழமை பணம் எடுத்துட்டு பைக்ல பயந்துட்டு வர்ற வேலை இல்ல.

பவர்டேபிள் | 14 மார்ச், இரவு 9:45

தகவல் சொல்ல வந்தேனுங்க. டான் வந்துடுச்சு, கான்ட்ராக்டருக்குப் பிடிக்காம விட்டது வட்டியோட கட்டியாச்சு. இன்னிக்கு முதல் தடவையா அவர் பணம் பேங்க்ல போச்சு, 1% பிடிச்சுத்தான். கொஞ்சம் முனகினார். உங்க ஐடிஆர்ல திரும்பக் கிடைக்கும்னு என் 26ஏஎஸ்-ஐக் காட்டினதும் சரின்னுட்டார்.

ஆடிட்டர்கிட்டயும் பேசிட்டேன். 18 லட்சத்தை 44ஏடி-லயே காட்டறதுக்கு அவர் உடனே ஒத்துக்கிட்டார், "நீங்க கேட்கவே இல்லையே"ன்னார். கடைசி நாள் 15-ம் தேதி ஞாயிறுன்னு முன்கூட்டியே நேத்தே முன்வரி 18,200 கட்டிட்டேன்.

காதர்பேட்டையில நாலு பார்ட்டி. மூணு பேர் ஏப்ரல்ல இருந்து பேங்க்லயே போடறேன்னாங்க. நாலாவது ஆளு வயசானவர், வருஷத்துக்கு 3 லட்சம் வேலை கொடுப்பார், ரொக்கம்தான்னுட்டார். 11.50 லட்சத்துக்குள்ள அடங்கும்ல, அவரை விட மனசில்ல.

பேரேடு | 14 மார்ச், இரவு 10:00

தாராளமா அடங்கும். ஏப்ரல்ல இருந்து ரொக்க வரவுக்குன்னு தனி நோட்டு ஒண்ணு போடுங்க, மாசக் கடைசியில கூட்டி எழுதிட்டே வாங்க. சலான்ல மதிப்பீட்டு ஆண்டு 2026-27, முன்வரிக்கான கோடு 100 தானே போட்டீங்க? 300 போட்டிருந்தா அது முன்வரி ஆகாது, பார்த்துச் சொல்லுங்க.

பவர்டேபிள் | 14 மார்ச், இரவு 10:12

100 தானுங்க. இப்பத்தான் சலானை எடுத்துப் பார்த்தேன்.